வாலாட்டியில் தொடங்குங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை வயல்வெளியில் பறவை பார்க்க ஒரு முழு வழிகாட்டி

என்னோடு முதல் தடவை வயலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போன் நிறையப் படங்களோடு வீடு திரும்புகிறார்கள். ஆனால் ஒரு பறவையின் பெயரையும் உறுதியாகச் சொல்ல அவர்களால் முடிவதில்லை. கண்ணிலோ கமராவிலோ குறை இல்லை. வேலையைப் பின்பக்கமிருந்து தொடங்கிவிடுகிறார்கள்: முதலில் படம், பிறகு நிறம், பிறகு பெயர். அந்தப் பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் முழிப்பார்கள்.

வயலில் அது சரிவராது. எங்கே நிற்கிறது, எப்படி நடக்கிறது, வாலை எப்படி ஆட்டுகிறது என்பதெல்லாம் முதலில் வர வேண்டும். நிறம் கடைசியில் வரலாம். இந்தப் பழக்கத்தைப் பிடிக்க வாலாட்டிக் குருவியைவிட நல்ல பறவை எங்கள் பக்கத்தில் இல்லை என்பது என் எண்ணம். அது திறந்த வெளியில் இரை தேடும், ஆளைக் கண்டவுடன் வெகுதூரம் ஓடிவிடாது, வாலை ஓயாமல் ஆட்டும்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

வாலாட்டிகள் எங்கள் ஊரில் கூடு கட்டுவதில்லை. வடக்கே குளிர் தொடங்கும்போது வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிப் போகின்றன. ஜூன் மாதம் வயலுக்குப் போய் "ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பறவை வராத மாதத்தில் தேடினால் ஆர்வம்தான் போகும்.

ஒக்டோபரில் பெரும்போகத்துக்கு உழுது விதைக்கிற நாட்கள் மிக நல்லவை. உழவு மெஷினுக்குப் பின்னால் மண் புரளும்போது பூச்சிகள் வெளியே வரும். முதலில் கொக்கும் மைனாவும் இறங்கும். அவற்றுக்குச் சற்று ஒதுக்குப்புறமாக, ஈரமண் விளிம்பில் வாலாட்டிகள் ஓடித் திரியும். புதியவர்கள் கொக்கைப் பார்த்துவிட்டு அங்கேயே கண்ணை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கூட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள்.

நவம்பர், டிசம்பரில் மழையும் வெள்ளமும். வெள்ளாமை உயர்ந்துவிட்டால் பயிருக்குள் நிற்கும் சின்னப் பறவை தெரியாது. அந்த நாட்களில் வரம்பு, வாய்க்கால் ஓரம், மாடு மேயும் தரவை ஆகிய இடங்களில் மட்டும் தேடுங்கள்.

பெப்ரவரி, மார்ச்தான் தொடங்குவதற்கு மிகப் பொருத்தமான காலம். அறுவடை முடிந்து மாடுகளை வயலில் விடுவார்கள். மாட்டின் காலடியில் பூச்சி எழும், அதைப் பிடிக்க மஞ்சள் வாலாட்டிகள் கூட்டமாக வரும். பார்வையை மறைக்கப் பயிரும் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு: ஊர் திரும்பும் முன் ஆண் பறவைகள் புது இறகு பெற்றுப் பளிச்சென்ற மஞ்சளாகிவிடும். ஒக்டோபரில் மங்கலாக இருந்த அதே பறவை, மார்ச்சில் படத்தில் உள்ளதைப் போல இருக்கும்.

2. வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

பைனாகுலர் வாங்குவதானால் 8×42 என்று எழுதியதைத் தேடுங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். பத்து மடங்கு கூடுதல் நல்லது என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. ஒற்றை வரம்பில் நின்றுகொண்டு பிடிக்கும்போது பத்து மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறையும். ஓடித் திரிகிற வாலாட்டியைப் பிடிக்கப் பரந்த பார்வை வேண்டும்.

அடுத்தது, பைனாகுலரை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்வது. இதைச் செய்யாமல் "மங்கலாத் தெரியுது" என்று திருப்பித் தருகிறவர்கள்தான் அதிகம். செய்யும் ஒழுங்கு இது. இரண்டு குழாய்களையும் மடித்து விரித்து ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி, தூரத்து மதிலில் உள்ள எழுத்தொன்றை இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண் வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனித் தொட வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். போடாதவர்கள் வெளியே எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் ஒரு பயிற்சி. மதிலில் இருக்கும் காகத்தைக் கண்ணால் பாருங்கள். பார்வையை எடுக்காமல், தலையைக் குனியாமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவையைத் தொலைத்துவிடுவீர்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை வீதம் ஒரு கிழமை செய்தால் போதும்.

மெர்லின் என்ற, பறவையை அடையாளம் காண உதவும் போன் செயலியில் இலங்கைக்கான பறவைத் தொகுப்பை வீட்டில் வைத்தே இறக்கிக்கொள்ளுங்கள். வயலில் சிக்னலை நம்ப முடியாது. ஆனால் அதைத் திறக்கும் நேரம் பிறகு வரும்.

மற்றவை: சின்னக் குறிப்புப் புத்தகம், பென்சில் (மழையில் பேனா மை கரையும்), தண்ணீர், தொப்பி, முழங்கால்வரை வரும் சப்பாத்து. உடுப்பு மண் நிறமோ மங்கிய பச்சையோ. வெள்ளைச் சட்டை திறந்த வயலில் தூரத்திலிருந்தே அசைந்து தெரியும்.

3. வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்

எங்கள் முன்னோர் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை என்றும், மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்றும் பெயர் வைத்தார்கள். பறவை பார்க்கிறவருக்கு அந்தப் பெயர்களே பாதி வழிகாட்டி. காலையில் எழுவான்கரை ஓரம் நின்று மேற்கே வாவியைப் பார்த்தால் வெயில் உங்கள் முதுகில், பறவையின் மேல். மாலையில் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். மாற்றிச் செய்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பதால் இந்தக் கணக்கு அதன் கரையில் பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும்.

வயலிலும் இதே கணக்குத்தான். கொக்கட்டிச்சோலைப் பக்கமோ வவுணதீவுப் பக்கமோ போனால் காலையில் மேற்கு நோக்கி நடக்கும் வரம்பைத் தெரிவுசெய்யுங்கள். பார்ப்பதெல்லாம் போகும்போதே பார்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது வெயில் முகத்தில் அடிக்கும். அப்போது காது மட்டும்தான் உதவும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களுக்கும் இதுவே.

ஒரு தம்பி முந்நூறு படத்துக்கு மேல் எடுத்துக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் சூரியனைப் பார்த்து எடுத்தவை. வால் நீளம் மட்டும் தெரிந்தது, நிறம் ஒன்றுமில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து வரம்பின் மறு பக்கத்துக்கு மாறியிருந்தால் போதும்.

4. வரம்பில் கால் வைக்கும் முன் கேளுங்கள்

வயல் ஒருவருடைய உழைப்பு. வாடியில் (வயல் குடிசையில்) யாராவது இருந்தால் முதலில் அங்கே போங்கள். "அண்ணன், குருவி பார்க்க வந்த நாங்க. இந்த வரம்பால போகலாமா?" என்று கேட்டால் எனக்கு இதுவரை ஒருவரும் இல்லை என்று சொன்னதில்லை. கேட்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. "அங்கால நேத்துத்தான் மருந்து அடிச்ச, போகாதீங்க தம்பி" என்றும், "ராவு யானை வந்து போயிருக்கு" என்றும் அவர்கள்தான் சொல்வார்கள். எந்தச் செயலியும் அதைச் சொல்லாது.

யானை விஷயத்தில் துணிச்சல் காட்ட வேண்டாம். வெல்லாவெளி, உன்னிச்சை, தாந்தாமலை போன்ற காட்டோரப் பகுதிகளில் நன்றாக விடியும்வரை வீதியிலேயே நில்லுங்கள். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள். புதுச் சாணமோ அறுந்த மின்வேலிக் கம்பியோ கண்டால் அந்தத் திசை அன்றைக்கு வேண்டாம்.

வரம்பில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். எலி உள்ள இடத்தில் புடையனும் இருக்கும். நடந்துகொண்டே பைனாகுலரில் பார்க்கவே கூடாது. நில், பார், இறக்கு, பிறகு நட. காலில் புண் இருந்தால் வயல் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். குளத்தோரத்திலும் வாவியோரத்திலும் முதலை உண்டு. தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்து படம் எடுக்கிற வேலை வேண்டாம், சில மீற்றர் தள்ளி நின்றாலும் பறவை நன்றாகவே தெரியும்.

5. பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள்

வயலுக்குள் போனதும் ஆக்காட்டி கத்தும். அது உங்களைக் கண்டுவிட்டது என்று வட்டை (வயல்வெளி) முழுக்க அறிவிக்கிறது. அந்த நேரத்தில் மேலும் நடந்தால் மற்றப் பறவைகளும் கிளம்பிவிடும். நில்லுங்கள். ஆக்காட்டி அடங்கிய பிறகு, எழும்பியவை ஒவ்வொன்றாகத் திரும்பி இறங்கும். எங்கே இறங்குகின்றன என்று பார்த்தாலே அன்றைய வேலை பாதி முடிந்தது.

ஆக்காட்டி அடங்காமல் உங்கள் தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து வந்தால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. அது தரையிலேயே முட்டையிடும். முட்டை மண்கட்டியைப் போலிருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். வந்த அடியிலேயே திரும்பிப் போங்கள். கூட்டைத் தேடிப் படம் எடுக்க வேண்டாம். தாய் விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டையில் வெயில் காயும், காகமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

6. வாலாட்டியை அடையாளம் காணும் ஒழுங்கு

இந்த ஐந்து கேள்விகளையும் இதே வரிசையில் கேளுங்கள். பதிலைப் பென்சிலால் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை புத்தகமோ செயலியோ திறக்க வேண்டாம். படத்தைப் பார்த்துவிட்டால் கண் அதையே பறவையிலும் பார்க்கத் தொடங்கும்.

முதலாவது, எங்கே நிற்கிறது? திறந்த வயல், மாட்டுக் கூட்டம், ஈரமண் என்றால் மஞ்சள் வாலாட்டி. ஓடும் தண்ணீர், கல், குளத்தின் வான் பாயும் (மிகைநீர் வழிந்தோடும்) இடம் என்றால் சாம்பல் வாலாட்டியாக இருக்கலாம். இது மலைநாட்டு ஓடைகளில்தான் அதிகம், எங்கள் சமவெளியில் குறைவு. மர நிழலின் கீழ், சருகு விழுந்த தரை, கோயில் வளவு, முந்திரிகைத் தோப்பு, காட்டுப் பாதை என்றால் காட்டு வாலாட்டி.

இரண்டாவது, வால் எந்தப் பக்கம் ஆடுகிறது? மஞ்சளும் சாம்பலும் வாலை மேலும் கீழும் ஆட்டும். சாம்பல் வாலாட்டிக்கு வால் மிக நீளம் என்பதால் உடம்பின் பின்பாதியே சேர்ந்து ஆடுவதைப் போலிருக்கும். காட்டு வாலாட்டி மட்டும் வாலைப் பக்கவாட்டில், இடமும் வலமுமாக அசைக்கும். இதை ஒரு தடவை கண்டவர் பிறகு பெயரை மறக்க மாட்டார்.

மூன்றாவது, பயந்தால் எங்கே போகிறது? மஞ்சள் வாலாட்டி அலை அலையாக ஏறி இறங்கிப் பறந்து அடுத்த வயலில் இறங்கும். காட்டு வாலாட்டி மரக்கிளைக்கு ஏறி, கிளை வழியே நடக்கும்.

நான்காவது, என்ன சத்தம்? மஞ்சள் வாலாட்டி பறக்கும்போது "ஸ்வீ" என்று சற்று இழுக்கும். சாம்பல் வாலாட்டியுடையது கூர்மையான, உலோகம் தட்டுவதைப் போன்ற இரட்டைச் சத்தம். காட்டு வாலாட்டி ஒற்றையாக "பிங்க்" என்னும்.

கடைசியாகத்தான் நிறம். எங்களிடம் வழக்கமாக வரும் ஆண் மஞ்சள் வாலாட்டிக்குத் தலை கரும்சாம்பல், முதுகு பச்சை கலந்த மண்ணிறம், தொண்டையிலிருந்து வால் அடிவரை மஞ்சள், கால் கறுப்பு. சாம்பல் வாலாட்டிக்கு முதுகு நல்ல சாம்பல், குளிர்காலத்தில் தொண்டை வெள்ளை, வாலடியில் மஞ்சள் அடர்த்தி, கால் இளஞ்சிவப்புக் கலந்த மங்கல் நிறம். ஆகவே மஞ்சள் தெரிந்தது என்பதற்காக மஞ்சள் வாலாட்டி என்று எழுதிவிடக் கூடாது. காலின் நிறத்தைப் பாருங்கள், முதுகைப் பாருங்கள். காட்டு வாலாட்டிக்கு வெள்ளை மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது ஒக்டோபர், நவம்பரில் வரும் இளம் மஞ்சள் வாலாட்டியில். அதில் மஞ்சள் ஏறக்குறைய இருக்காது. முதுகு மங்கிய மண்ணிறம், அடி வெள்ளை, கண்ணுக்கு மேலே வெளிறிய புருவம். புத்தகத்தைப் புரட்டினால் மஞ்சள்தலை வாலாட்டியின் இளம் பறவை இதைப் போலவே தெரியும். அது இலங்கைக்கு மிக அரிதாகவே வரும். அரிதான பெயரை எழுதும் ஆசை வரும்போது, அதே கூட்டத்தில் மற்றவை என்ன என்று பாருங்கள். முப்பது மஞ்சள் வாலாட்டியோடு ஓடுகிற மங்கலான ஒன்று பெரும்பாலும் அவற்றின் பிள்ளைதான். சந்தேகம் தீராவிட்டால் "வாலாட்டி, இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அது முழுமையான, நேர்மையான பதிவு.

7. வாலாட்டி என்று நம்பவைக்கும் மற்றவை

வயல் நெட்டைக்காலி எப்போதும் இங்கேயே இருக்கும் பறவை. உடம்பெல்லாம் மண்ணிறக் கோடு, நிமிர்ந்த நிற்பு, நீண்ட கால். வாலை ஆட்டும், ஆனால் கொஞ்சமாக, விட்டு விட்டு. ஜூலையில் "வாலாட்டி கண்டேன்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் நினைப்பேன்.

வாவியோரத்தில், தோணி கட்டும் இடத்தில், பின்பக்கத்தை ஓயாமல் தூக்கித் தூக்கி ஆட்டுகிற மண்ணிறப் பறவை உள்ளான் வகை. வால் குட்டை, அலகு நீளம். தோளருகே வெள்ளை மேலேறி இருக்கும். பறந்தால் இறக்கையை விறைப்பாக வைத்துத் தண்ணீரை ஒட்டியே போகும். வாலாட்டியைப் போல ஏறி இறங்காது.

முற்றத்தில் வாலைத் தூக்கி நிற்கும் கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சானையும் சிலர் வாலாட்டி என்கிறார்கள். நடையைப் பாருங்கள். வாலாட்டி ஒவ்வொரு காலாக வைத்து ஓடும். குண்டுக்கரிச்சான் இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும்.

8. வரம்பை முடித்துக் குளத்துக்கு

இங்கே எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதால் புதியவர்களுக்குத் தலை சுற்றும். இறக்காமம், உறுகாமம், உன்னிச்சை என்று எந்தக் குளமானாலும் முதலில் கரையோரத்தை இடமிருந்து வலமாக ஒரு தடவை பாருங்கள், பிறகு நடுத் தண்ணீரை, கடைசியில் மரங்களை. நினைத்த திசையெல்லாம் பைனாகுலரைத் திருப்பினால் ஒரே பறவையை மூன்று தடவை எண்ணுவீர்கள்.

அளவுக்குத் தெரிந்த பறவையை அளவுகோலாக வையுங்கள்: சிட்டுக்குருவி, மைனா, காகம். "மைனாவைவிடச் சின்னது, காகத்தைவிடக் கால் நீளம்" என்ற குறிப்பு பின்னால் மிகவும் உதவும்.

எல்லா வெள்ளைப் பறவையையும் கொக்கு என்று முடித்துவிடாதீர்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அலகு மஞ்சளாகக் குட்டையாக, மாட்டோடு திரிந்தால் உண்ணிக்கொக்கு. அலகு கீழே வளைந்து தலை கறுப்பாக இருந்தால் அது கொக்கே இல்லை, அரிவாள்மூக்கன். அலகின் நடுவில் இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. தாமரை இலைமேல் நடந்து போவது இலைக்கோழி. தண்ணீருக்கு மேல் தலை குனிந்து பறந்து திடீரென்று தொட்டு எழும்புவது ஆலா. பறவை பார்க்கத் தொடங்கிய பலர் இதை வெள்ளைப் புறா என்று எழுதித் தந்திருக்கிறார்கள்.

முதல் நாளில் ஐந்து இனம் உறுதியாகத் தெரிந்தால் போதும். நாற்பது பெயர் எழுதி முப்பதில் சந்தேகம் இருப்பதைவிட அது பெரிய வேலை.

9. எண்ணுங்கள், அன்றைக்கே எழுதுங்கள்

பெயர் மட்டும் எழுதிய குறிப்பு ஒரு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் சொல்லாது. திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், வயலின் நிலை, எண்ணிக்கை இவை வேண்டும். இப்படி எழுதலாம்: "2 பெப்ரவரி, 6.30 முதல் 8.15 வரை. அறுத்த வயல், தண்ணீர் பாதி, மாடு ஏறக்குறைய 40. மஞ்சள் வாலாட்டி 30 வரை. நெட்டைக்காலி 4. ஆக்காட்டி 6."

வயலின் நிலையை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். உழுததா, விதைத்ததா, அறுத்ததா, தண்ணீர் கட்டியதா என்பதுதான் பறவை ஏன் வந்தது என்பதற்குக் காரணம். அடுத்த வருடம் எந்த வயலுக்கு எப்போது போக வேண்டும் என்பதை இந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சொல்லும்.

கூட்டத்தை எண்ண, முதலில் பத்தை ஒன்றொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்து, கூட்டம் முழுவதையும் அப்படிப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். வீட்டுக்கு வந்ததும் செயலியைத் திறந்து உங்கள் ஐந்து பதில்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு இபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் உங்கள் கணக்கில் ஏற்றுங்கள். ஒரு ஆளின் புத்தகத்தில் கிடக்கும் எண்ணிக்கை அங்கே மற்றவர்களுக்கும் பயன்படும். ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ள நினைக்கிறவர்களுக்கும் இந்தப் பழக்கம்தான் அடித்தளம்.

10. வாலாட்டி போன பிறகு

மே, ஜூனில் வயலில் மஞ்சள் வாலாட்டி இருக்காது. அந்தக் காலம் குமணைக்கு உரியது. பொத்துவிலிலிருந்து பாணமை வழியாக ஒகந்தைக்குப் போனால் தேசியப் பூங்காவின் வாசல். குமண வில்லில் (ஆழமில்லாத நீர்நிலையில்) கூழைக்கடாவும் நாரைகளும் கூட்டமாகக் கூடு கட்டும் நேரம் அது. அங்கே வாகனத்தை விட்டு இறங்க முடியாது. ஆகவே அங்கே போகும் முன் வயலில் பைனாகுலரைச் சட்டென்று கண்ணுக்கு எடுக்கும் பழக்கம் வந்திருக்க வேண்டும். ஜீப் உங்களுக்காக நெடுநேரம் நிற்காது.

ஏப்ரலில் கடைசியாக வாலாட்டி கண்ட திகதியைக் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதன் கீழே ஒரு வரி வெறுமையாக விடுங்கள். பெரும்போகத்துக்கு முதல் உழவு மெஷின் இறங்கும் கிழமையில் அதே வரம்புக்குப் போய், முதல் "ஸ்வீ" கேட்ட திகதியை அந்த வரியில் எழுதலாம்.